அண்ணனின் வயிறு

என்னால் ஓரிடத்தில் அடங்கி உட்கார முடியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேச்சின் நடுவே எழுந்து ஜன்னல் பக்கம் போனால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்ன வயதிலிருந்தே நான் காலில் வெந்நீர் கொட்டியவன் மாதிரிதான். மருத்துவமனையில் என் அறைக்கு முன்னால் உள்ள நடைபாதை மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகிறது என்று நர்சுகள் கேலி செய்வார்கள். அதில் பொய்யில்லை.

என் அண்ணன் கியோசாகு இதற்கு நேர்மாறு. வயிற்றை எக்ஸ்ரே படம்பிடிக்கும் பஸ்ஸை ஓட்டுவது அவர் வேலை. வடக்கே எங்கள் அகிதா மாகாணத்தில் சாப்பாட்டில் உப்பும் அதிகம், வயிற்றுப் புற்றுநோயும் அதிகம். அதனால் வருடத்துக்கு ஒருமுறை அந்த பஸ் ஊர் ஊராகப் போய் நிற்கும். வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வெள்ளை மாவுக் கரைசலைக் குடித்துவிட்டுப் பின்பக்கமாக ஏறுவார்கள். கடைசி ஆள் இறங்கும்வரை அண்ணன் ஓட்டுநர் இருக்கையில் வைத்தது வைத்தபடி உட்கார்ந்திருப்பார். கரைசலைக் கண்டு முகம் சுளிப்பவர்களிடம் மட்டும் வாயைத் திறப்பார்.

"ஒரே மூச்சுல குடிச்சிருங்க பெரியவரே. வீட்டுல வெக்கிற சூப்புன்னு நெனச்சுக்கங்க. பழகின ருசிதானே."

பெரியவரின் மனைவி பக்கத்தில் நின்றால் இதையே இன்னும் சத்தமாகச் சொல்வார்.

இத்தனை பேர் வயிற்றுக்காக வண்டி ஓட்டியவர் தன் வயிற்றை ஒருநாளும் காட்டியதில்லை. நான் கேட்டால், "டேய் நோரி, நான் பின்னாடி ஏறிட்டா வண்டிய யாருடா பாத்துக்கறது?" என்பார். நின்றுகொண்டிருக்கும் வண்டியை யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நானும் திருப்பிக் கேட்டதில்லை.

ஓர் இலையுதிர் காலத்தில், சாப்பிட்டால் நெஞ்செரிகிறது என்று வந்தார். ஹட்சுயே அண்ணி பிடரியைப் பிடித்துத் தள்ளாத குறையாக அழைத்து வந்திருந்தார். நானே வாய்வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்த்தேன். வயிற்றின் கீழ்ப்பகுதியில் ஓரிடம் சிவந்து லேசாகக் குழிந்திருந்தது. அதை நோக்கி வந்த மடிப்புகள் குழியின் விளிம்பில் கிள்ளி எறிந்தது போல நின்றுவிட்டன. சோதனைக்கு ஒரு சதைத் துணுக்கு எடுத்தேன். எங்கள் மருத்துவமனையில் திசுவைப் பார்க்கத் தனி மருத்துவர் கிடையாது. பல்கலைக்கழகத்தில் அந்த வேலையைப் பல காலம் செய்துவிட்டு வந்தவன் என்பதால் அதையும் நானேதான் பார்ப்பேன். அடுத்த வாரம் இருவரும் முடிவு கேட்க வந்தார்கள்.

"புண்ணுதான் அண்ணே," என்றேன். "மாத்திரை தரேன். மூணு மாசம் கழிச்சு மறுபடியும் ஒருதடவை பாத்துருவோம்."

"அவ்வளவுதானா? இதுக்கா இவ என்ன லீவு போட வெச்சு இழுத்துட்டு வந்தா?"

"நீங்க சும்மா இருங்க," என்றார் அண்ணி. பிறகு என் பக்கம் திரும்பி இடுப்பு வளைய வணங்கினார். "தம்பி இருக்கறப்ப எங்களுக்கு என்ன கவல."

அந்தப் பொய்க்காக மட்டும் நீங்கள் என்னை இந்த விசாரணையில் உட்காரவைத்திருக்க மாட்டீர்கள். உங்களில் மருத்துவர்களாக இருப்பவர்களும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள். டோக்கியோவில் இப்போது நோயாளியின் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்களாம். எங்கள் பக்கம் அந்த வழக்கம் இன்னும் வரவில்லை. புற்றுநோய் என்றால் குடும்பத்தாரைத் தனியே கூப்பிட்டுச் சொல்வோம். நோயாளியிடம் புண் என்போம். குடும்பத்தாரும் புண் என்பார்கள். அண்ணன் விஷயத்தில் மருத்துவரும் நான்தான், குடும்பமும் நான்தான். என்னையே நான் தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, விஷயத்தைச் சொன்ன மாதிரி ஆயிற்று. அண்ணியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லியிருந்தால் அறுவை எப்போது என்று கேட்டிருப்பார்.

இனி என் ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுருக்கமாகவே சொல்கிறேன்.

புற்றுக் கட்டி தன்பாட்டுக்குப் பெரிதாகிவிடாது. அரிசிமணிக்குமேல் வளர வேண்டுமானால் அதற்கு இரத்தம் வேண்டும், இரத்தம் வரக் குழாய்கள் வேண்டும். அந்தக் குழாய்களைக் கட்டியே வரவழைத்துக்கொள்கிறது என்றுதான் எல்லோரும் சொல்லிவந்தார்கள். எனக்கு வேறு சந்தேகம். நம் உடம்பில் காவல் செல்கள் உண்டு. கிருமியையும் செத்துப்போன செல்லையும் விழுங்கித் தீர்ப்பது அவற்றின் வேலை. கட்டியைத் தின்ன வருபவையும் அவைதான். ஆனால் வந்த இடத்தில், பிராணவாயு போதாமல் திணறும் திசுவைக் கண்டதும், இது ஏதோ காயம் என்று எடுத்துக்கொள்கின்றன. காயத்துக்கு என்ன செய்யுமோ அதைச் செய்யத் தொடங்குகின்றன. இரத்தக் குழாய்களைக் கூப்பிடுகின்றன. திருடனைப் பிடிக்க வந்த காவல்காரர், ஐயோ அடிபட்டிருக்கிறதே என்று அவனை உட்காரவைத்துச் சோறு போட்ட மாதிரி. அந்தச் செல்களைத் துரோகிகள் என்று நான் ஒருபோதும் எழுதியதில்லை. தெரிந்த வேலையைச் செய்கின்றன, அவ்வளவுதான்.

எலிகளில் இதைக் காட்டினேன். என் பேராசிரியர், "எலி எலிதான்யா," என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடிக்கப் போய்விட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மனிதனில் காட்ட முடியாததற்குக் காரணம், கட்டியைக் கண்டுபிடித்ததும் நாம் அறுத்து எடுத்துவிடுகிறோம் என்பதுதான். கையில் கிடைப்பது ஒரே ஒரு நாளின் திசு. விருந்து களைகட்டியபின் போய், வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்து யார் முதலில் வந்தார் என்று கேட்டால் எப்படித் தெரியும்? காவல் செல்கள் முதலில் வந்தனவா, குழாய்கள் முதலில் வந்தனவா? ஒரே மனிதனின் ஒரே கட்டியை ஆரம்பத்திலிருந்து திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பார்க்க எந்த நோயாளியும் விடமாட்டார், எந்த மருத்துவரும் துணியமாட்டார்.

அண்ணனின் துணுக்கைச் சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் பார்த்தபோது காவல் செல்கள் கட்டியின் ஓரத்தில் வரிசையாக நின்றன. உள்ளே அனேகமாக ஒன்றுகூடப் போயிருக்கவில்லை. இரத்தக் குழாய்கள் எப்போதும் இருக்கும் அளவுதான். அவ்வளவு ஆரம்பமான ஒன்றை நான் பார்த்ததே இல்லை. எழுந்து அறைக்குள் சுற்றிச் சுற்றி நடந்தேன். பயத்தினால் என்று சொன்னால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். மகிழ்ச்சியினால்தான் நடந்தேன்.

மூன்று மாதம் பொறுப்பது பெரிய குற்றமில்லை என்று நினைத்தேன். மேல்தோலோடு நிற்கும் கட்டி அவசரப்படாது. அதைவிட அதிக காலம் படுக்கை கிடைக்காமல் காத்திருந்து பிழைத்தவர்கள் உண்டு. அப்படித்தான் தொடங்கியது.

இந்த நோயில் ஒரு வினோதம் இருக்கிறது. புற்றின்மேல் உண்டாகும் புண், புண்ணுக்குத் தரும் மாத்திரையிலேயே ஆறிவிடும். மேலே தோல் மூடிக்கொள்ளும். எரிச்சல் போய்விடும். நன்றாகப் பசிக்கும். பிறகு ஒருநாள் மறுபடியும் திறந்துகொள்ளும். அண்ணனுக்கும் ஆறியது. நான் திருமணம் செய்துகொள்ளாதவன், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாயை அவர் நறுக்நறுக்கென்று கடித்துச் சாப்பிடுவதைப் பார்த்து அண்ணிக்குப் பூரிப்பு. புதுவருடத்துக்கு உப்பிட்ட மீன்முட்டை ஒரு பெட்டி எனக்கு வந்தது. தம்பியின் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று அதன்மேல் அண்ணி எழுதியிருந்தார். நன்றாகத்தான் வேலை செய்தது. நான் சொல்லாமல் விட்டது அது எதன்மேல் வேலை செய்தது என்பதை மட்டும்தான்.

இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே இருந்த மாதங்களில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உள்ளே இப்போது என்ன நடக்கிறது, வரிசை உடைந்ததா, செல்கள் உள்ளே போய்விட்டனவா என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. மருத்துவமனை வாசலில் கூலியாட்களோடு சேர்ந்து பனியை வாரிக் கொட்டுவேன். பேருந்து நிலையம்வரை காரணமே இல்லாமல் நடந்துவிட்டுத் திரும்புவேன். அண்ணன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், அவருடைய இடுப்புவாரின் கொக்கி எந்த ஓட்டையில் நிற்கிறது என்று கண் தானாகப் போகும்.

"என்னடா என் வயித்தையே மொறச்சுப் பாக்குற?" என்றார் ஒருமுறை. "உன் சோத்த நான் தின்னுட்டனா?"

"அவருக்கு ஒரு பொண்ணப் பாத்துக் கட்டி வெச்சிருந்தா இப்படி உங்க வயித்தப் பாத்துட்டு உக்காந்திருப்பாரா?" என்றார் அண்ணி.

மூவரும் சிரித்தோம். நான் இன்னொரு கிண்ணம் சோறு வாங்கிக்கொண்டேன்.

எங்கள் அறுவை மருத்துவர் குசாகரியும் கவனித்திருந்தார். "உங்கண்ணன் வயிறு என்ன சார் கோயிலா? பூ பூத்தா ஒருதடவ, இலை உதுந்தா ஒருதடவன்னு தரிசனத்துக்குப் போறீங்க," என்றார். பழைய புண், லேசில் ஆறமாட்டேன் என்கிறது என்றேன். அவரும் அதோடு விட்டுவிட்டார். தம்பி அண்ணனைக் கவனித்துக்கொள்வதில் யார் குறை காண முடியும்?

குழாய் விடுவது அண்ணனுக்குச் சுலபமாக இருக்கவில்லை. அவருக்குக் குமட்டல் அதிகம். கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போகும். நர்ஸ் துடைத்துவிட்டுக்கொண்டே இருப்பார். முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, என் கையைத் தட்டிக் கொடுப்பார். "போதுமா? வேணுங்கறத எடுத்துக்கிட்டியா?" என்பார். போதும் அண்ணே என்பேன். எவ்வளவு எடுத்தேன் என்று அவர் கேட்டதில்லை.

இரண்டாவது கோடையில் அது நடந்தது. காவல் செல்களின் வரிசை உடைந்திருந்தது. அவை கட்டிக்குள் போயிருந்தன, உருவம் பருத்து மாறியிருந்தன. அவை கூட்டமாக நின்ற இடங்களில் மட்டும் நூல்போல மெல்லிய புது இரத்தக் குழாய்கள். செல்கள் இல்லாத இடத்தில் குழாயும் இல்லை. முந்திய துணுக்குகளை எடுத்து ஒப்பிட்டேன். செல்கள் முதலில் வந்தன. குழாய்கள் பிறகு வந்தன. நான்தான் சரி. ஆற்றங்கரைவரை நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான பிற்பகல் வேறு இல்லை.

அன்றே குசாகரியிடம் அனுப்பியிருக்கலாம். அனுப்பியிருந்தால் அண்ணன் பிழைத்திருப்பார். உங்கள் நிபுணர் இதைச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் பார்த்தது ஒரே ஒரு முறை. தற்செயல் என்று என் பேராசிரியர் ஒதுக்கிவிடுவார். இன்னொரு துணுக்கு வேண்டியிருந்தது. அது கிடைத்ததும் வேறொரு கேள்வி வந்தது. குழாய்கள் ஊன்றிக்கொண்டபின் காவல் செல்கள் தேவையா, அவை போய்விட்டாலும் கட்டி தன் காலில் நிற்குமா? அதற்கு இன்னொன்று. ஒவ்வொரு முறையும் இது கடைசி என்றுதான் நினைத்தேன். வருடத்துக்கு எத்தனை ஆயிரம் பேர் இந்த நோயால் சாகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் செல்களைத் தடுக்க ஒரு மருந்து வந்தால் எத்தனை வீடுகள் தப்பும். நான் யோசித்தேன். அண்ணனையும் யோசித்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் யோசிக்க முடியவில்லை, அதுதான் சிக்கல்.

மூன்றாவது பனிக்காலத்தில் அவர் இளைத்துவிட்டார். பஸ்ஸை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்தார். ஊறுகாயைத் தொடவில்லை. புண் முற்றிவிட்டது, எடுத்துவிடுவது நல்லது என்று சொல்லி அப்போதுதான் குசாகரியிடம் அனுப்பினேன். குசாகரி வயிற்றைத் திறந்தார், பார்த்தார், தைத்துவிட்டார். நடைபாதையில் என்னைத் தனியே கூப்பிட்டார். குடும்பத்தாரைக் கூப்பிடும் அதே குரலில்.

"மன்னிச்சுருங்க சார். எல்லா எடத்துலயும் பரவிக் கெடக்கு. புண்ணுக்கு அடியில இவ்வளவு நாளா ஒளிஞ்சிருந்திருக்கு போல. வீட்டுல எப்படிச் சொல்றதுன்னு நீங்களே பாத்துக்கங்க."

நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனேன். புண்ணை எடுத்தாகிவிட்டது என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

பனி உருகிச் சாக்கடையில் ஓடத் தொடங்கிய சமயம் அவர் போய்விட்டார். நான் அழுதேன். நடித்தேன் என்று உங்கள் குறிப்பில் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது தவறு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கே போவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அந்த வருடம் செண்டாய் நகரில் நடந்த மருத்துவ மாநாட்டில் என் படங்களைத் திரையிட்டேன். ஒரே மனிதர், ஒரே கட்டி, ஆரம்பம் முதல். கடைசிப் படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள். பிறகு கை தட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர் எழுந்து மிக மரியாதையாகக் கேட்டார்.

"இந்த நோயாளிக்கு ஏன் ஆரம்பத்துலயே அறுவை செய்யலைன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"அவர் சம்மதிக்கல," என்றேன்.

கேட்டவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். குசாகரியும் அரங்கத்தில் இருந்தார். திரும்பி வரும்போது ரயிலில் என் பக்கத்து இருக்கை அவருடையது. சாப்பாட்டுப் பெட்டியைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்திருந்தார்.

"சார், அந்த நோயாளி பஸ் ஓட்டினவரா?" என்றார்.

"ஆமா," என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் நல்ல மருத்துவர். அவரிடம் பொய் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. அவர் எழுந்து போய்க் கதவோரத்தில் நின்றுகொண்டார். அகிதா வரும்வரை உட்காரவில்லை. உங்களிடம் சொன்னது அவர்தான் என்று எனக்குத் தெரியும். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

போன வாரம் ஹட்சுயே அண்ணி என் வீட்டுக்கு வந்தார். அதற்குள் மருத்துவமனையிலிருந்து யாரோ அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"மொத நாளே தெரியுமா தம்பி?"

"தெரியும் அண்ணி."

கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"அவருக்கும் மொத நாளே தெரியும். அன்னிக்கு வீட்டுக்கு வந்ததுமே என்கிட்ட சொல்லிட்டார். 'எங்கப்பாவுக்கும் புண்ணுன்னுதான் சொன்னாங்க, நானும் கூடச் சேந்துதான் சொன்னேன், எனக்குத் தெரியாதா பொய் சொல்ற அந்த மொகம்?' அப்படின்னார். 'நோரிக்கு என்கிட்ட சொல்ல முடியல, பாவம், ஒத்தையாளா மனசுல வெச்சுக்கிட்டு அல்லாடறான். கால் தரையில நிக்கல பாரு அவனுக்கு. நமக்குத் தெரியும்னு காட்டிக்காத. அவன் எப்பக் கூப்பிட்டாலும் போய்ட்டு வந்துடறேன். அவன் எப்படியாவது காப்பாத்திருவான்.' ஒவ்வொரு தடவையும் குழாய் விட்டுட்டு வந்தா ரெண்டு நாளைக்குக் கஞ்சிகூட எறங்காது. தம்பி வைத்தியம் பண்றான்னு சொல்லிக்கிட்டே படுத்துக்குவார்."

அண்ணி அழவில்லை. போகும்போது என்னை வணங்காமல் போனார். எனக்கு நினைவு தெரிந்து அப்படிப் போனது அதுதான் முதல்முறை.

அன்றிலிருந்து நான் நடந்துகொண்டே இருக்கிறேன். அண்ணி சொன்னதையே திருப்பித் திருப்பி யோசிக்கிறேன். முதலில் நெஞ்சு கனத்தது, அதை மறைக்கவில்லை. பிறகு மெல்லத் தெளிந்தது. நீங்கள் எழுதி வைத்திருக்கும் அறிக்கையைப் படித்தேன். கட்டியை மறைத்தது உண்மை. அறுவையைத் தள்ளிப்போட்டது உண்மை. மாநாட்டில் பொய் சொன்னது உண்மை. அண்ணன் என்னால்தான் இறந்தார், அதுவும் உண்மை. எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். நோயாளிக்குத் தெரியாமல், அவர் சம்மதமில்லாமல் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிடுங்கள். அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் ஒவ்வொரு முறையும் தானாகவே வந்தார், வாயைத் திறந்து குழாயை விழுங்கினார், வேண்டியதை எடுத்துக்கொண்டாயா என்று கேட்டார். இதைவிடத் தெளிவான சம்மதத்தை எந்த நோயாளியும் எனக்குக் கொடுத்ததில்லை.